வெறும் வயிற்றின் வாசனை

அக்கா ஒன்றை வேண்டாம் என்று சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வரும். பசித்த ஆள் சோற்றைக் காணும்போது வருகிற வெளிச்சம். அதை வேறு யார் முகத்திலும் நான் பார்த்ததில்லை, பார்க்கவும் ஆசையில்லை.

திருவண்ணாமலை வேங்கிக்காலில் அவர் வீட்டு மாடியில், மெட்ராஸிலிருந்து வந்த நான் குடியிருந்தேன். கீழே அக்காவும் அவர் தம்பி குமாரும். அக்காவுக்குக் கலெக்டர் ஆபீசில் கிளார்க் வேலை, குமாருக்கு ஆட்டோ. தம்பியின் ஆட்டோவில்கூட அவர் ஏறமாட்டார். "நீ சவாரியப் பாருடா, எனக்குக் காலு இருக்கு." மே மாதத்தில் ஃபேன் வேண்டாம். தலைவலிக்கு மாத்திரை வேண்டாம். கல்யாணமும் ஒருகாலத்தில் வேண்டாம் என்றாராம். அதைச் சொல்லும்போதும் அதே வெளிச்சம்.

அவர் பெயரை எழுதப் போவதில்லை. தெருவில் இப்போது அவருக்கு வேறு பெயர் வைத்துவிட்டார்கள். பழைய பெயரைச் சொன்னால் சண்டைக்கு வருவார்கள்.

ஆபீசில் யாருக்காவது குழந்தை பிறந்தால், பதவி உயர்வு வந்தால், இனிப்பு வரும். அக்கா தன் பங்கை எடுத்துக் காகிதத்தில் மடித்து வீட்டுக்குக் கொண்டுவருவார், என்னைக் கூப்பிடுவார். நான் தின்ன வேண்டும். எதிரே உட்கார்ந்து அவர் பார்ப்பார்.

"நெய்யி ஜாஸ்தியா?"

"சரியா இருக்குக்கா."

"ஏலக்கா வாசனை தெரியுதா? மெதுவாத் தின்னும்மா. என்ன அவசரம்?"

நான் விழுங்கும்போது அவர் தொண்டையும் ஏறி இறங்கும். என் வாய் வழியாக வேறொருவர் சாப்பிடுவதுபோல் இருக்கும். இரண்டாவது லட்டை நீட்டினால் மறுக்க முடியாது. மறுப்பது அந்த வீட்டில் அவர் ஒருவருக்கே உரிய சொத்து.

அவர் இனிப்பைத் தொடாததற்குக் காரணம் இருந்தது. குமார்தான் சொன்னான். ஒரு வருடம் அக்கா காரணமில்லாமல் இளைத்தார். குடம் குடமாகத் தண்ணீர் குடித்தார். கொஞ்ச நாளில் குளியலறைத் தரையில் எறும்பு மொய்க்க ஆரம்பித்தது. பினாயில் ஊற்றினார்கள். மறுநாள் இன்னும் நீளமான வரிசை. "எறும்புக்குத்தாங்க மொதல்ல தெரிஞ்சிச்சு," என்றான் குமார். "டாக்டருக்கெல்லாம் அப்புறந்தான்."

எதிர்வீட்டு சரோஜாம்மா அப்போதும் நம்பவில்லை, எப்போதும் நம்பவில்லை. "சுகருன்னா குண்டா இருக்கறவங்களுக்கு வர்றது. இந்த ஒட்டடைக் குச்சிக்கு எங்கேர்ந்து வரும்? எங்க வூட்டுக்காரருக்கு இருக்கு, நியாயம். திங்கறாரு, இருக்கு."

அக்காவுக்கு வந்தது மாத்திரையில் அடங்குகிற வகை இல்லை. ஊசிதான், காலையும் மாலையும். ஃபிரிட்ஜ் கதவில் தயிருக்கும் மல்லிகைப்பூப் பொட்டலத்துக்கும் நடுவே அந்த மருந்துக் குப்பி நிற்கும். புடவையைக் கொஞ்சம் விலக்கி, வயிற்றுத் தோலைக் கிள்ளிப் பிடித்து, என்னோடு பேசிக்கொண்டே குத்திக்கொள்வார். முகம் மாறாது. வலி வேண்டாம் என்று அதையும் மறுத்திருப்பார்போல.

நாம் தின்பது வயிற்றோடு நிற்பதில்லை. இட்லியோ, கேழ்வரகுக் களியோ, கோயில் புளியோதரையோ, எல்லாம் உடைந்து நொறுங்கி, ஊர் பேர் இழந்து, கடைசியில் ஒரே சர்க்கரையாகி இரத்தத்தில் இறங்குகிறது. இரத்தம் தெரு என்றால் உடம்பின் ஒவ்வொரு அணுவும் ஒரு வீடு. வீட்டுக்குள் அடுப்பு. அந்த அடுப்பு எரிந்தால்தான் கை தூக்கலாம், மலையைச் சுற்றலாம், தம்பியைத் திட்டலாம். ஆனால் சர்க்கரை தானாக உள்ளே போகாது. கணையத்திலிருந்து ஒரு ஆள் வந்து கதவைத் திறக்க வேண்டும். அக்காவின் உடம்பில் அந்த ஆள் வேலையை விட்டுவிட்டான். தெரு நிறைய விறகு குவிந்து கிடக்க, வீடுகள் சில்லிட்டுக் கிடந்தன. ஊசி என்பது வெளியிலிருந்து கொண்டுவந்த ஆள். இவ்வளவும் எனக்குப் பிற்பாடு தெரிந்தது. அப்போது எனக்கு ஊசி என்றால் ஊசி.

பௌர்ணமிக்குப் பௌர்ணமி அக்கா கிரிவலம் போவார். விடியும் நேரம் கிளம்புவார், பச்சைத் தண்ணீர் மட்டும், முடிக்கும்வரை வேறெதுவும் கிடையாது. ஒருமுறை நானும் கூடப் போனேன். கிளம்பும் முன் வழக்கம்போல ஊசியைப் போட்டுக்கொண்டார். ஆசிரமம் இருக்கும் பக்கம் தாண்டும்வரை எனக்கு மூச்சு வாங்க நடந்தவர், அடி அண்ணாமலை வரும்போது ஒரு எலுமிச்சம்பழக்காரியைப் பிடித்துத் திட்ட ஆரம்பித்தார். என்ன திட்டு என்று அவளுக்கும் புரியவில்லை, எனக்கும் புரியவில்லை. வார்த்தைகள் ஒன்றோடொன்று மோதிக்கொண்டன. நெற்றியிலிருந்து வேர்வை ஊற்றியது. காலை நேரம், குளிர் காற்று. பிறகு ரோட்டோரம் அப்படியே சரிந்து உட்கார்ந்தார். யாரோ பிஸ்கட் கொடுத்தார்கள். பல்லைக் கடித்துக்கொண்டார். "வெரதம்," என்றார். அந்த ஒரு சொல் மட்டும் தெளிவாக வந்தது.

போன் போட்டதும் குமார் ஆட்டோவோடு வந்தான். டீக்கடையில் சர்க்கரையை அள்ளிப் போட்டு ஒரு டீ வாங்கி, தாடையைப் பிடித்துக் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டினான். அரை டம்ளர் உள்ளே போனதும் கண்ணில் ஆள் திரும்பி வந்தார்.

"என்னடா குடுத்த?"

"டீக்கா."

"சர்க்கரை போட்டா?"

"போட்டுத்தான்."

அடுத்த பௌர்ணமி வரை தம்பியோடு பேசவில்லை. சோறு போடுவார், பேசமாட்டார். ஊசி எழுதித் தருகிற டாக்டர், இனி விரதமே கூடாது என்றார். அக்கா தலையாட்டினார். விரதம் இருந்தால் ஊசியை எப்படிக் குறைத்துக்கொள்வது என்று அவர் கேட்கவில்லை. கேட்டால் இருக்கப் போகிறார் என்பது தெரிந்துவிடுமே. தானாகவே ஒரு பாடம் எடுத்துக்கொண்டார். தெருவுக்கும் அதைச் சொன்னார், ஆபீசுக்கும் சொன்னார். "வெறும் வயித்துல ஊசி போட்டா எமன்."

கண்ணால் கண்ட விஷயம். நான் நம்பினேன், குமார் நம்பினான், சரோஜாம்மாகூட இதை மட்டும் நம்பினார். பாதி உண்மைக்கு அவ்வளவு பலம் உண்டு. மீதிப் பாதி எங்கே என்று யாரும் தேடுவதில்லை.

அடுத்த வருடம் ஆடியில் செங்கம் ரோட்டில் ஒரு லாரி குமாரின் ஆட்டோவை உரசிவிட்டுப் போனது. தொடை எலும்பு முறிந்தது. கம்பி வைத்தார்கள். நடப்பானா என்றால் டாக்டர்கள் பார்க்கலாம் என்றார்கள். அக்கா ஆஸ்பத்திரி வராந்தாவில் மலை தெரிகிற ஜன்னல் பக்கமாகத் திரும்பி நின்று ஏதோ முணுமுணுத்தார். என்ன என்று கேட்டேன். "ஒண்ணுமில்ல, ஒரு வார்த்தை சொல்லி வச்சேன்."

ஐப்பசியில் குமார் கம்பு இல்லாமல் நடந்தான். அன்றைக்குத்தான் அந்த வார்த்தையை வெளியில் சொன்னார். கார்த்திகை தீபத்தன்று தொடங்கி, மலையில் தீபம் எரிகிற பதினோரு நாளும் அன்னம் தொடுவதில்லை. தண்ணீரும் விபூதியும்தான்.

"யாரு கேட்டா உன்ன?" என்றான் குமார். "என் காலுக்கு நீ எதுக்குக்கா பட்டினி கெடக்கணும்? நான் வேணா கெடக்கறேன்."

"நீ கெடந்தா அது உன் கணக்கு. நான் சொன்னது நான்தான் செய்யணும்."

தீபத்தன்று சாயங்காலம் தெருவே மொட்டை மாடியில் நின்றது. விடிந்ததிலிருந்து எல்லோருக்கும் பட்டினி. உச்சியில் அந்தச் சின்னச் சுடர் கண்விழித்ததும் மாடிக்கு மாடி அரோகரா எழும்பி அலையாகப் போனது. அடுத்த நிமிடம் எல்லோரும் கீழே ஓடினார்கள். அடை, பொரி உருண்டை, அப்பம், தட்டுகளின் சத்தம். அக்கா மட்டும் மாடியிலேயே நின்றார். கீழே ஊர் சாப்பிடுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றவரின் முகத்தை அந்த மங்கலிலும் என்னால் பார்க்க முடிந்தது. எவ்வளவு பெரிய வேண்டாம் அது. எவ்வளவு பெரிய வெளிச்சம்.

ஊசியை அன்று காலையிலேயே நிறுத்திவிட்டிருந்தார்.

"சாப்பிட்டாத்தானேம்மா சர்க்கரை வரும்? சர்க்கரை வந்தாத்தானே ஊசி? உள்ள ஒண்ணுமே போகலை, ஊசி போய் யாரத் தேடும்?"

கேட்க நியாயமாகத்தான் இருந்தது. இருந்தாலும் மனதுக்குள் ஏதோ நெருடியது. டாக்டருக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுவிடலாம் என்றேன்.

"அவரு சோறு திங்கறவங்களுக்கு டாக்டர்," என்று சிரித்தார்.

விரல் நுனியைக் குத்தி மீட்டரில் காட்டுவார். எண் உண்மையிலேயே பயமுறுத்துகிற மாதிரி இல்லை. சாதாரண நாளைவிடக் கம்மி. "பாத்தியா? வயிறு காலியா இருந்தா உடம்பு தானா சரியாயிடுது. இத்தனை வருஷம் குத்திக்கினு கெடந்தேன்." அந்தக் கையடக்க யந்திரம் ஒரே ஒரு கேள்விக்கு மட்டும் பதில் சொல்லப் பழகியது. வேறு கேள்வியை யாரும் அதனிடம் கேட்கவில்லை.

முதல் சில நாட்கள் ஆபீசுக்கும் நடந்தே போய்வந்தார். பிறகு லீவு சொன்னார். செம்பு செம்பாகத் தண்ணீர் குடித்தார். ஒருமுறை வாந்தி எடுத்தார். "பழசெல்லாம் வெளிய வருது, நல்லதுதான்," என்றார் சரோஜாம்மா.

வாசனையை முதலில் கண்டுபிடித்தவரும் சரோஜாம்மாதான். விபூதி வாங்கக் குனிந்தவர், நிமிர்ந்து, அக்காவின் வாயருகே மூக்கைக் கொண்டுபோனார். "பழ வாசனை வருதுடி. நல்லாப் பழுத்த பழம். சோறு தண்ணி இல்லாதவங்க வாயி நாறணும் இல்ல? இது மணக்குது."

நானும் முகர்ந்தேன். உண்மைதான். அதிகம் பழுத்து, அழுகலுக்கு ஒரு படி முன்னால் நிற்கிற பழம். அதற்கு அடியில் நகப்பூச்சு அழிக்கிற திரவம்போல ஒரு நெடி. எனக்கு அது பிடிக்கவில்லை. சொன்னேன். சரோஜாம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "உனக்கு மெட்ராஸ் மூக்கு."

தெருப் பெண்கள் வர ஆரம்பித்தார்கள். பிறகு பக்கத்துத் தெரு. அக்கா கூடத்தில் சுவரோரம் உட்கார்ந்திருப்பார். அவர்கள் கிட்டே போய் முகர்ந்து, கன்னத்தில் போட்டுக்கொண்டு, காலைத் தொட்டுவிட்டுப் போவார்கள். வாழ்நாள் முழுக்க எல்லாவற்றையும் வேண்டாம் என்றவர் இதை வேண்டாம் என்று சொல்லவில்லை. அதுதான் எனக்கு முதல் பயம்.

இரண்டாவது பயம் அவர் மூச்சு. உட்கார்ந்த இடத்தில், மலையேறுகிற ஆளுக்கு வாங்குகிற மாதிரி, ஆழமாக, இடைவிடாமல் ஏறி இறங்கியது. அடுப்பங்கரை வரை கேட்டது. ஆசிரமம் பக்கம் அறை எடுத்துத் தங்கியிருந்த ஒரு வெள்ளைக்காரப் பெண்ணை யாரோ கூட்டிவந்தார்கள். அவள் எதிரே சம்மணமிட்டு, கண்ணை மூடி, அக்காவின் மூச்சோடு தன் மூச்சைச் சேர்க்கப் பார்த்தாள். கொஞ்ச நேரத்தில் அவளுக்கு மூச்சுத் திணறியது. கும்பிட்டுவிட்டு எழுந்தாள். "பிராணாயாமம்," என்று மெதுவாகச் சொன்னாள். பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வெளிநாட்டுக்காரியே சொல்லிவிட்டாள்.

குமார் ஒரு குடும்பத்தை ஏற்றிக்கொண்டு பாண்டிச்சேரிக்குச் சவாரி போய் அங்கேயே தங்கியிருந்தான். நான் போன் செய்து, வந்தால் நல்லது என்றேன். மறுநாள் உச்சி வெயிலில் வந்து சேர்ந்தான். கூடத்தில் இருந்த பெண்களைத் தாண்டி நேரே ஃபிரிட்ஜைத் திறந்தான். குப்பியை எடுத்து, அக்கா செய்வதைப் பார்த்துப் பார்த்துத் தெரிந்துகொண்டபடி ஊசியில் கொஞ்சம் ஏற்றினான். அவர் முன்னால் மண்டியிட முடியாமல், கம்பி வைத்த காலை நீட்டி உட்கார்ந்தான்.

"சின்னதா போட்டுக்கக்கா. எனக்காக."

அக்கா கண்ணைத் திறந்தார். நாக்கு உலர்ந்து வார்த்தை ஒட்டி ஒட்டி வந்தது.

"வெறும் வயித்துலயா? மறந்துட்டியாடா? ரோட்டுல கெடந்தேனே. நீதானே தூக்குன?"

குமாரின் கை நின்றது. அந்தக் கையை நான் மறக்கவில்லை. ஒரு பக்கம் இந்த மூச்சு, இன்னொரு பக்கம் அந்த ரோட்டோரம். இரண்டில் எது கொல்லும் என்று அவனுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. தெரிந்தவர்கள் யாரும் அந்த அறையில் இல்லை.

"ஆஸ்பத்திரிக்காவது வாக்கா."

"தீபம் அணையட்டும்டா. அப்புறம் நீயே ஊட்டி விடு. நீ எதக் குடுத்தாலும் தின்னறேன்." பிறகு, கொஞ்சம் குறும்பாக, "டீ மட்டும் வேணாம்."

பெண்கள் சிரித்தார்கள். குமாரும் சிரிக்கப் பார்த்தான். எழுந்து போய் குப்பியைத் தயிர்ப் பக்கத்தில் திரும்ப வைத்தான்.

விடிந்தபோது அக்காவுக்குத் தம்பியைத் தெரியவில்லை. கண் திறந்திருந்தது, பார்வை இல்லை. மூச்சு மட்டும் யாரோ உள்ளே உட்கார்ந்து துருத்தி ஊதுகிற மாதிரி. குமார் அவரைத் தூக்கினான். கனமே இல்லை என்றான், பிறகு பல தடவை அதையே சொன்னான். ஆட்டோவின் கம்பியை சரோஜாம்மா பிடித்துக்கொண்டார்.

"நிஷ்டையில இருக்கறவங்கள எழுப்பாதப்பா. பாவம் வந்து சேரும்."

"கைய எடும்மா."

"உன் காலுக்காகத்தானே..."

"கைய எடு."

ஆஸ்பத்திரியில் வயது குறைந்த ஒரு லேடி டாக்டர். அக்காவின் முகத்துக்கு அருகே குனிந்தார், ஒரு முறை முகர்ந்தார், நிமிர்ந்தார்.

"இன்சுலின் போடறவங்களா? எப்ப நிறுத்துனீங்க?"

ஒரு தெருவே முகர்ந்த வாசனை. அதைப் படிக்கத் தெரிந்தவர் ஒரே ஒருவர், அவரும் இப்போதுதான் வந்து சேர்ந்திருந்தார்.

நரம்பில் மருந்தையும் தண்ணீரையும் ஏற்றிவிட்டு, வெளியே வந்து எங்களிடம் பேசினார். சாப்பிடாவிட்டாலும் ஈரல் தன்னிடம் உள்ள சர்க்கரையை இரத்தத்தில் விட்டுக்கொண்டேதான் இருக்கும் என்றார். ஊசி சாப்பாட்டுக்காக மட்டும் இல்லை. உயிர் இருக்கும்வரை அது கொஞ்சமாவது இருந்தாக வேண்டும். அது துளியும் இல்லையென்றால் அணுக்கள் பட்டினியில் தவிக்கும், உடம்பு தன் கொழுப்பையே எடுத்துப் போட்டு எரிக்கும். அப்படிக் கட்டுப்பாடில்லாமல் எரிவதில் அமிலம் பெருகும். இரத்தமே புளித்துப்போகும். அந்தப் புளிப்பை வெளியே தள்ளத்தான் அந்த மூச்சு. அதன் கழிவுதான் அந்த வாசனை.

"மீட்டர்ல கம்மியாத்தாங்க காட்டுச்சு," என்றான் குமார்.

"பட்டினியில கம்மியாத்தான் காட்டும். அமிலத்த அது காட்டாது."

"அன்னிக்கு வெறும் வயித்துல ஊசி போட்டுத்தானே மேடம் விழுந்தாங்க?"

"வழக்கமான அளவப் போட்டாங்க, அதான். டாக்டரக் கேட்டுக் கொறச்சிருக்கணும். கம்மி பண்றது வேற, நிறுத்தறது வேறங்க. யாரும் சொல்லலையா?"

குமார் கம்பி வைத்த காலை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, அது யாருடைய கால் என்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அக்கா அன்று சாயங்காலம் போய்விட்டார். வெளியே வந்தபோது மலையில் தீபம் ஏற்றியிருந்தார்கள். யாரும் அதை அணைக்க முடியாது, அதற்கென்று ஒரு நாள் இருக்கிறது.

தெரு அழவில்லை. சொன்ன வார்த்தையை உடம்போடு காப்பாற்றியவர் என்றார்கள். வாசனையோடு போனவர் என்றார்கள். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போகாமல் இருந்திருந்தால் தீபம் அணையும்வரை இருந்திருப்பார் என்றார்கள். அதைக் குமாரின் காதுபடவே சொன்னார்கள். கூடத்தில் அவர் உட்கார்ந்த இடத்தில் ஒரு படம், ஒரு விளக்கு. அக்கா பேரைச் சொல்லி நோன்பு என்று யார் தொடங்கினார்களோ, குமார் தடுத்தும் நிற்கவில்லை. செய்தி செங்கம் வரை போயிருந்தது.

நான் வீடு மாறிவிட்டேன். போன தீபத்துக்கு அந்தத் தெருவுக்குப் போனேன். குமார் கேட்டருகே நின்றுகொண்டிருந்தான். வருகிற ஒவ்வொரு பெண்ணையும் நிறுத்தினான்.

"சுகர் இருக்காம்மா? மாத்திரையா, ஊசியா?"

"இன்னாப்பா இது, ஆஸ்பத்திரியா?" என்று சிரித்தபடி ஒருத்தி தாண்டிப் போனாள். "உடம்பொறந்தவளுக்கு வந்த புண்ணியத்துல இவனுக்கு ஒரு துளியும் வரல," என்றார் சரோஜாம்மா உள்ளிருந்து. குமார் காதில் வாங்கவில்லை. அடுத்தவளை நிறுத்தினான். அதற்கடுத்தவளை.

செங்கம் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு அம்மா, கல்லூரிக்குப் போகிற வயதில் மகள். அந்தப் பெண் ஒல்லியாக இருந்தாள், உதடு வெடித்திருந்தது.

"இவளுக்குத்தாங்க," என்றார் அந்த அம்மா, கும்பிட்ட கையோடு. "சின்ன வயசுலேர்ந்து ஊசி. குத்திக் குத்தி எடமே இல்ல. அக்காகிட்ட ஒப்படைக்கலாம்னு கூட்டியாந்தோம். நேத்தே நிறுத்திட்டோம்."

குமார் கேட்டின் இரண்டு பக்கத்தையும் பிடித்துக்கொண்டு குறுக்கே நின்றான். உள்ளேயிருந்து பெண்கள் வழிவிடச் சொல்லிச் சத்தம் போட்டார்கள். அந்தப் பெண் அவனை நிமிர்ந்து பார்த்தாள். பயமே இல்லாத முகம்.

"பரவால்லண்ணா, விடுங்க," என்றாள். "எனக்குப் பசிக்கவே இல்ல."